தக்காளி விதையை வீட்டுக்குள் எப்போது போடுவது? பெப்ரவரியிலா, ஏப்ரலிலா?

புதுவளவு (ஸ்காபரோ, ரொறன்ரோ), பெப்ரவரி 11

எல்லோருக்கும் வணக்கம். அடுக்ககத்தில் இருந்தவரை பால்கனியில் கறிவேப்பிலையும் துளசியும்தான் வளர்த்தோம். இப்போது சிறிய பின்வளவு உள்ள வீட்டுக்கு வந்திருக்கிறோம். வேலியோரம் நல்ல வெயில் விழுகிறது. இந்த ஆண்டு அங்கே தக்காளி வைக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பெரும் ஆசை.

அம்மா சாவகச்சேரியில் தோட்டம் செய்து பழகியவர். அங்கே பாத்தியில் விதையைத் தூவி, வைக்கோல் மூடி, பூவாளியால் தண்ணீர் தெளித்தால் நாற்று வந்துவிடும். இங்கே வீட்டுக்குள் வளர்த்து மே மாதத்தில் வெளியே கொண்டுபோக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சென்ற மாதமே விதை போட்டுவிட்டார், அவருடைய சன்னலில் செடி தெரிகிறது. அதைப் பார்த்ததிலிருந்து அம்மா என்னை விடவில்லை.

எப்போது போட வேண்டும்? சன்னல் வெளிச்சம் போதுமா? மே மாதத்தில் கடையில் நாற்று கிடைக்கும்போது இவ்வளவு பாடு தேவைதானா?

மண்வெட்டி (மார்க்கம்), பெப்ரவரி 11

தங்கை, இப்போது போடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சன்னலைப் பார்த்து அவசரப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். ரொறன்ரோ வட்டாரத்தில் கடைசி உறைபனி பெரும்பாலும் மே முதல் பாதியோடு முடிந்துவிடும். ஆனால் உறைபனி இல்லை என்பது தக்காளிக்குப் போதாது. இரவு வெப்பம் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் செடி சாகாமல் அப்படியே முடங்கி நிற்கும். அந்தக் குளிரில் உருவாகும் முதல் பூக்களின் காய்கள் கோணல்மாணலாக, அடியில் தழும்போடு வரும். அதனால்தான் இங்கே பழைய தோட்டக்காரர்கள் விக்டோரியா தினத்தைக் குறியாக வைத்திருக்கிறார்கள். மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை அது. அதிலிருந்து ஆறு, ஏழு வாரம் பின்னால் போனால் ஏப்ரல் முதல் வாரம் வரும். மார்ச் கடைசி வாரத்தில் போட்டாலும் தவறில்லை. பெப்ரவரி வேண்டவே வேண்டாம்.

அம்மாவுக்குக் கை துறுதுறுவென்று இருந்தால் மார்ச் தொடக்கத்தில் மிளகாயும் கத்தரியும் போடச் சொல்லுங்கள். அவை முளைக்கவும் வளரவும் தக்காளியைவிட மெதுவானவை. எட்டு முதல் பத்து வாரம் வீட்டுக்குள் இருந்தால்தான் நம் கோடைக்குள் காய்க்கும்.

கடை நாற்று பற்றிக் கேட்டீர்கள். தாராளமாக வாங்கலாம், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் அவர்கள் தேர்ந்த சில வகைகள்தான் இருக்கும். விதையிலிருந்து தொடங்கினால் நமக்கு வேண்டிய புளிப்பும் சதையும் உள்ள வகையை நாமே தேர்ந்து வளர்க்கலாம். ரசத்துக்கும் குழம்புக்கும் எந்தத் தக்காளி வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும் அல்லவா?

பனிநாடு (எட்மன்டன்), பெப்ரவரி 12

மண்வெட்டி அண்ணா சொல்வது ரொறன்ரோவுக்குச் சரி, எல்லா ஊருக்கும் அதையே விதியாக்க முடியாது. இங்கே ஆல்பர்ட்டாவில் ஜூன் பிறந்தால்தான் மனம் துணிந்து தக்காளியை வெளியே வைக்க முடியும். செப்டெம்பரில் மறுபடியும் உறைபனி வந்துவிடும். நடுவில் இருப்பது மூன்றரை மாதம்தான். நான் மார்ச் நடுவில் விதை போட்டு, இரண்டு முறை தொட்டி மாற்றி, பூவோடு வெளியே வைக்கிறேன். சிறிய நாற்றாக வைத்திருந்தால் பச்சைக் காயோடுதான் செப்டெம்பரைப் பார்த்திருப்பேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். விதைப் பையில் '55 நாள்', '80 நாள்' என்று போட்டிருப்பது விதைத்த நாளிலிருந்து அல்ல. நாற்றை வெளியே நட்ட நாளிலிருந்து முதல் பழம் வரையான கணக்கு அது. '80 நாள்' வகையை ஜூன் தொடக்கத்தில் நட்டால் முதல் பழமே ஆகஸ்ட் கடைசியில்தான். எங்களைப் போன்ற வடக்கு ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துத்தான் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்நாட்டுக்கென்றே கனடாவில் உருவான வகைகள் இருக்கின்றன. மனிடோபா மாகாணத்தின் மோர்டன் ஆய்வு நிலையத்தில் உருவாகி 1956இல் வெளிவந்த 'மனிடோபா', நோவா ஸ்கோஷியாவின் கென்ட்வில்லில் உருவான 'ஸ்கோஷியா', ஆல்பர்ட்டாவின் பீவர்லாட்ஜில் உருவான 'சப்ஆர்க்டிக்' வரிசை. பழம் பெரிதாக இருக்காது, ஆனால் நம்பி வைக்கலாம்.

மண்வெட்டி (மார்க்கம்), பெப்ரவரி 12

தம்பி, உங்கள் ஊர் நிலைமையை மறுக்கவில்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள், 'இரண்டு முறை தொட்டி மாற்றி' என்று. முன்கூட்டிப் போடுபவர்கள் பலர் அதைத்தான் செய்வதில்லை. தயிர்க் கப்பில் பத்து வாரம் நின்ற செடியின் வேர் சுவரைச் சுற்றிச் சுற்றி வளர்ந்து பந்தாகிவிடும். வெளியே வைத்தபின் அது மண்ணுக்குள் இறங்கவே வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஏப்ரலில் விதைத்த கட்டையான நாற்று வேர்பிடித்து அதைத் தாண்டிப் போய்விடும்.

பெரிய தொட்டி, வலுவான விளக்கு, அவற்றை வைக்க இடம், இந்த மூன்றும் இருந்தால் சீக்கிரம் போடுங்கள். ஒன்று குறைந்தாலும் பொறுத்திருங்கள். என் கருத்து இவ்வளவுதான். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். ஒவ்வொரு மே மாதமும் ஒரு முழ நீளத்துக்கு வெளிறிக் கிடக்கும் செடிகளின் படத்தைப் போட்டு 'காப்பாற்ற முடியுமா' என்று கேட்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

ரூர்க்கரை (டோர்ட்முண்ட், ஜெர்மனி), பெப்ரவரி 13

இங்கும் இதே வழக்கம்தான். மே 11 முதல் 15 வரை உள்ள நாள்களை 'ஐஸ்ஹைலிகன்' என்பார்கள், பனிப் புனிதர்களின் நாள்கள். கடைசி நாளான மே 15 'குளிர்ந்த சோஃபி'க்கு உரியது. அவள் போகும்வரை என் பக்கத்துத் தோட்டத்து முதியவர் தக்காளியைத் தொடவே மாட்டார். கடையில் ஏப்ரலிலேயே நாற்று வந்துவிடும், மக்களும் வாங்கி வைப்பார்கள், ஒரே இரவில் கருகியபின் மறுபடியும் வாங்குவார்கள்.

புதுவளவு (ஸ்காபரோ), பெப்ரவரி 15

அனைவருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மிளகாய்க்கு ஒப்புக்கொண்டார், தக்காளிக்கு இன்னும் முகம் தெளியவில்லை. எங்கள் பேஸ்மென்ட் 17 பாகைதான் இருக்கும். அங்கே முளைக்குமா? மேலே தெற்குப் பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது. விளக்கு வாங்காமல் அதை வைத்துச் சமாளிக்கலாமா?

மின்கம்பி (மொன்றியல்), பெப்ரவரி 15

அக்கா, முளைப்பதற்கும் வளர்வதற்கும் தேவை வேறு வேறு. முளைக்க வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் வேண்டும். மண் 25 பாகையில் இருந்தால் தக்காளி ஆறு நாளில் எட்டிப் பார்க்கும். 20 பாகையில் எட்டு நாள், 15 பாகையில் இரண்டு வாரம், 10 பாகையில் ஆறு வாரம் ஆகும். அவ்வளவு காலம் ஈரமண்ணில் கிடந்தால் விதை அழுகவும் வாய்ப்பு உண்டு. நாற்றுத்தட்டுக்குக் கீழே வைக்கும் சூட்டுவிரிப்பு ஒன்று வாங்கினால் 17 பாகை பேஸ்மென்ட் ஒரு தடையே அல்ல. முதல் முளை தெரிந்ததும் விரிப்பை நிறுத்திவிடுங்கள். அதன்பின் சூடு குறைவாக இருப்பதே நல்லது. பகலில் 20, இரவில் 16 என்றால் தண்டு பருமனாக வரும். உங்கள் பேஸ்மென்ட் அதற்குப் பொருத்தமான இடம்.

சன்னலைப் பொறுத்தவரை, மார்ச், ஏப்ரலில் நம் ஊரில் பாதி நாள் மேகமூட்டம். சன்னலில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரும், செடி அந்தப் பக்கம் சாய்ந்து நீளும். வீட்டின் வெப்பமும் சேர்ந்தால் நூல் போல ஆகிவிடும். 'செடிகளுக்கான சிறப்பு விளக்கு' என்று ஊதா நிறத்தில் விற்பதை வாங்க வேண்டாம். வன்பொருள் கடையில் பட்டறைக்கென்று விற்கும் நான்கு அடி எல்இடி விளக்கு போதும். வெள்ளை ஒளி, பெட்டியில் ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு 5000 முதல் 6500 கெல்வின் வரை இருக்கட்டும். சங்கிலியில் தொங்கவிட்டு, செடியின் உச்சிக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். செடி வளர வளர விளக்கை உயர்த்துங்கள். நேரம் குறிக்கும் மின்செருகி ஒன்றைப் பொருத்தி 16 மணி நேரம் எரிய விடுங்கள். இரவும் பகலும் எரித்தால் இன்னும் வேகமாக வளரும் என்று நினைப்பார்கள். தக்காளிக்கு அது ஆகாது. இருட்டே கிடைக்காவிட்டால் இலை வெளிறிப் பழுத்துவிடும்.

நார்மண் (பொள்ளாச்சி), பெப்ரவரி 18

குளிர்நாட்டுச் சகோதரர்களின் இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் விவசாயிகளுக்காக நிழல்வலைக் குடிலில் தக்காளி நாற்று விடுபவன். எங்களுக்குப் பனி இல்லை. ஆனால் பாத்தியில் விதைப்பதை நாங்களும் பெருமளவு விட்டுவிட்டோம். 98 குழி உள்ள குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பி, குழிக்கு ஒரு விதை. 25 நாளில் வயலுக்குப் போய்விடும். ஒரு விதையும் வீணாகாது, பிடுங்கும்போது வேரும் அறாது. சாவகச்சேரி அம்மாவிடம் இதைச் சொன்னால் வீட்டுக்குள் விதைப்பது அவருக்கு அந்நியமாகத் தெரியாது.

உங்கள் கடைகளில் கட்டியாக விற்கும் நார்க்கழிவில் பெரும்பங்கு எங்கள் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவதுதான். 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பிவிடும். அதில் உப்பு மிச்சம் இருக்கலாம், ஆகையால் ஊறவைத்த தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மலிவான கட்டியில் இந்த வேலையை விட்டால் நாற்றின் இலை நுனி கருகும். நார்க்கழிவில் சத்து எதுவும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். முளைத்ததும் முதலில் விரியும் வித்திலைக்குப் பிறகு வரும் உண்மை இலை விரிந்ததும் நீர்த்த பசளை கொடுக்கத் தொடங்க வேண்டும். பையில் எழுதியிருக்கும் அளவில் கால் பங்கு போதும்.

விதைக்கும் ஆழம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். இங்கே நாங்கள் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைக்கிறோம். நாற்றழுகலுக்கு அது நல்ல காவல்.

புதுவளவு (ஸ்காபரோ), பெப்ரவரி 18

அண்ணா, மிக்க நன்றி. பொள்ளாச்சி என்றதும் அம்மாவுக்கு மகிழ்ச்சி. அவர் ஒன்று கேட்கச் சொன்னார். மார்ச்சில் சித்தி சென்னையிலிருந்து வருகிறார். பிகேஎம் 1 என்ற நம் ஊர்த் தக்காளி வகையின் விதை கொண்டுவரச் சொல்லலாமா?

நார்மண் (பொள்ளாச்சி), பெப்ரவரி 19

பிகேஎம் 1 பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. 'அன்னஞ்சி' என்ற உள்ளூர் வகையிலிருந்து சடுதிமாற்றம் மூலம் எடுத்தார்கள். காம்புப் பக்கம் பச்சைத் தோள், நல்ல புளிப்பு. குழம்புக்கு அதற்கு இணை இல்லை என்பேன். ஆனால் எங்கள் வெயிலுக்கும் மானாவாரிக்கும் ஏற்ற வகை அது. உங்கள் மே மாதக் குளிரை விரும்பாது.

மண்வெட்டி (மார்க்கம்), பெப்ரவரி 19

பெட்டிக்குள் விதை போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். கனடா உணவு ஆய்வு முகமையின் இறக்குமதி விதிகளைப் பார்க்காமல் எந்த விதையும் வேண்டாம். நான் இதை வெறும் சட்டப் பயத்தில் சொல்லவில்லை. தக்காளியில் இப்போது பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் என்று ஒன்று உலகெங்கும் பரவிவருகிறது. 2014இல் இஸ்ரேலில் முதலில் தென்பட்டது. விதையோடும் கையோடும் கருவியோடும் பரவும், மருந்து கிடையாது. ஒன்ராறியோவில் லெமிங்டன் பக்கம் பசுமைக்குடில் தக்காளியை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. நம் குழம்பின் ருசிக்காக அவர்கள் தொழிலில் கைவைக்கக் கூடாது. இங்கேயே விதை நிறுவனங்களிடம் புளிப்பான வகைகள் ஏராளம்.

வீட்டில் யாராவது புகைபிடிப்பவராக இருந்தால் செடியைத் தொடுமுன் சோப்பால் கை கழுவச் சொல்லுங்கள். புகையிலைத் தேமல் வைரஸ் சிகரெட்டிலிருந்து விரல் வழியாகத் தக்காளிக்குப் போகும்.

புதுவளவு (ஸ்காபரோ), ஏப்ரல் 16

மார்ச் கடைசி ஞாயிறு விதைத்தோம், ஏப்ரல் வரை அம்மாவை நிறுத்திவைக்க முடியவில்லை. சூட்டுவிரிப்பில் ஆறாம் நாளே முளைத்துவிட்டன. இப்போது ஒரு கவலை. ஒரு மூலையில் உள்ள நாற்றுகள் அடித்தண்டு சுருங்கி, நீர்கோத்தது போல் ஆகி, அப்படியே சாய்ந்து விழுகின்றன. நேற்று இரண்டு, இன்று ஐந்து. மண்ணின் மேல் வெள்ளையாகப் பூஞ்சையும் தெரிகிறது. என்ன செய்ய வேண்டும்?

மண்வெட்டி (மார்க்கம்), ஏப்ரல் 16

நாற்றழுகல்தான். விழுந்தவற்றைக் காப்பாற்ற வழியில்லை. அவற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் இப்போதே கரண்டியால் அள்ளிக் குப்பையில் போடுங்கள், அடுத்த தட்டுக்கு அருகே கொண்டுபோக வேண்டாம். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள் செய்யும் வேலை இது. அவற்றுக்குத் தேவை ஈரமும் அசையாத காற்றும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

தட்டின் மேல் மூடி இன்னும் இருக்கிறதா? முளைத்த அன்றே அதை எடுத்திருக்க வேண்டும், உடனே எடுங்கள். சின்ன மின்விசிறியை மெதுவான வேகத்தில் வைத்து இலைகள் இலேசாக அசையும்படி காற்று விடுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அடித்தட்டில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் உறிஞ்ச விட்டு, மிச்சத்தைக் கொட்டுங்கள். மேல்மண் வெளிறிக் காய்ந்தபின்தான் அடுத்த தண்ணீர். மேல்மண் காய்ந்தே இருந்தால் மண்ணில் முட்டையிடும் சின்னக் கறுப்புக் கொசு ஈயும் பெருகாது.

மண் எது போட்டீர்கள்?

புதுவளவு (ஸ்காபரோ), ஏப்ரல் 16

நார்க்கழிவுதான் அண்ணா. ஆனால் அந்த மூலையில் மட்டும் அம்மா தோட்டத்து மண் கொஞ்சம் கலந்திருக்கிறார். வெறும் நாரில் செடி எப்படி வாழும் என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

பனிநாடு (எட்மன்டன்), ஏப்ரல் 17

அம்மாவின் மனம் புரிகிறது, எங்கள் அப்பாவும் அப்படித்தான். தோட்டத்து மண்ணுக்கு இடம் தோட்டம்தான். வெளியே எத்தனையோ உயிர்கள் ஒன்றையொன்று அடக்கிவைக்கின்றன. சின்னத் தட்டில், சூட்டில், ஈரத்தில், அந்தச் சமநிலை கெட்டுவிடும். மண்ணும் இறுகிப்போய் வேருக்குக் காற்று கிடைக்காது.

மிஞ்சியவை இருக்கின்றன அல்லவா? ஒரு குடும்பத்துக்கு ஐந்தாறு செடி தாராளம்.

புதுவளவு (ஸ்காபரோ), ஏப்ரல் 27

அழுகல் நின்றுவிட்டது. மிஞ்சிய பதினெட்டு நாற்றுகளும் இரண்டு சோடி உண்மை இலையோடு நிற்கின்றன. ஆனால் சில நீண்டுவிட்டன. இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகவும் இருக்கிறது. இதுவும் நோயா?

மின்கம்பி (மொன்றியல்), ஏப்ரல் 27

ஊதா நிறம் பெரும்பாலும் பாஸ்பரஸ் போதாததைக் காட்டும். சத்து இல்லாமலும் இருக்கலாம், மண் குளிர்ந்திருப்பதால் வேர் அதை எடுக்க முடியாமலும் இருக்கலாம். தட்டைக் குளிர்ந்த சிமெண்டுத் தரையிலிருந்து தூக்கி மேசையில் வையுங்கள், கால் பங்குப் பசளையை அரைப் பங்காக்குங்கள். புது இலை பச்சையாக வந்தால் சரியாகிவிட்டது என்று பொருள். நீண்டவற்றுக்கு விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள்.

மண்வெட்டி (மார்க்கம்), ஏப்ரல் 27

நீண்டதற்குக் கவலை வேண்டாம். தக்காளித் தண்டை மண்ணில் புதைத்தால் அந்த இடமெல்லாம் வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்த அளவு தாராளம் கிடையாது. பத்து சென்டிமீட்டர் தொட்டிக்கு மாற்றும்போது வித்திலை வரை புதைத்து வையுங்கள். தூக்கும்போது இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் செடி போய்விடும்.

தினமும் ஒரு முறை உள்ளங்கையால் நாற்றுகளின் உச்சியைத் தடவிவிடச் சொல்லுங்கள் அம்மாவிடம். இது வெறும் செல்லம் அல்ல. அசைவு பட்டால் தக்காளி உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும். பசுமைக்குடில்களிலும் இந்த முறையைக் கையாண்டிருக்கிறார்கள்.

புதுவளவு (ஸ்காபரோ), மே 10

அம்மா தடவிக்கொடுப்பதை ஒரு நாளும் விடவில்லை. செடிகள் பருமனாக, கரும்பச்சையாக இருக்கின்றன. நேற்று 22 பாகை வெயில், பக்கத்து வீட்டுக்காரர் நட்டுவிட்டார். நாங்களும் நடலாமா?

மண்வெட்டி (மார்க்கம்), மே 10

நட வேண்டாம், பழக்குங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இதற்கு ஒதுக்க வேண்டும். விளக்கின் கீழ் வளர்ந்த இலையின் மேல்தோல் மெல்லியது. நேர்வெயிலையும் காற்றையும் அது கண்டதே இல்லை. ஒரே நாளில் வெயிலில் விட்டால் மாலைக்குள் இலை வெள்ளைக் காகிதமாக வெளுத்துவிடும்.

முதல் இரண்டு நாள் காற்றுப் படாத நிழலில் ஓரிரு மணி நேரம். பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, அப்படியே கூட்டிக்கொண்டே போங்கள். மதிய வெயில் கடைசியில்தான். தொட்டி வெளியே வேகமாகக் காயும், மதியம் ஒரு முறை பாருங்கள். இரவில் 10 பாகைக்குக் கீழே என்று வானிலை அறிக்கை சொன்னால் உள்ளே எடுங்கள். பலத்த காற்றடிக்கும் நாளில் வெளியே எடுக்கவே வேண்டாம்.

வெயில் 22 பாகை என்றாலும் மண் இன்னும் சூடாகியிருக்காது. சமையலறை வெப்பமானியைக் காலையில் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் குத்திப் பாருங்கள். 15 பாகை வரும்வரை பொறுக்கலாம்.

நார்மண் (பொள்ளாச்சி), மே 11

நாங்களும் வயலுக்கு அனுப்புமுன் நாற்றை நிழல்வலையிலிருந்து வெளியே எடுத்து, தண்ணீரைக் குறைத்துக் கடினப்படுத்துவோம். உங்களுக்குக் குளிர், எங்களுக்கு வெயில், நாற்றுக்கு இரண்டுமே அதிர்ச்சிதான்.

புதுவளவு (ஸ்காபரோ), மே 23

நேற்று மாலை மேகமூட்டமாக இருந்தபோது எட்டுச் செடிகள் நட்டோம். நான்கு 'ஸ்கோஷியா', நான்கு கொடி வகை. அறுபது சென்டிமீட்டர் இடைவெளி, தண்டைப் பாதி வரை புதைத்தோம். மிச்சத்தைக் கோவிலில் அம்மாவின் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டோம். இன்று காலை பார்த்தால் ஒரு செடி தரையோடு வெட்டப்பட்டுப் பக்கத்திலேயே கிடக்கிறது. முயலா?

பனிநாடு (எட்மன்டன்), மே 23

முயல் என்றால் தின்றிருக்கும். வெட்டிப் போட்டுவிட்டுப் போனது வெட்டுப்புழு. அந்தச் செடியைச் சுற்றி இரண்டு விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறுங்கள், சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும். எடுத்து நசுக்குங்கள். மற்ற ஏழுக்கும் காகிதக் கோப்பையின் அடியை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றி வளையமாக வையுங்கள். மூன்று சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளும் ஐந்து சென்டிமீட்டர் வெளியிலும் இருக்கட்டும். தண்டு பென்சில் தடிமனுக்கு வந்தபின் எடுத்துவிடலாம்.

புதுவளவு (ஸ்காபரோ), மே 23

இரண்டு புழுக்கள் கிடைத்தன, அம்மாவே தேடிப் பிடித்தார். வளையம் வைத்துவிட்டோம். இப்போது அவர் கம்பு நட வேண்டும், பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும் என்கிறார்.

மண்வெட்டி (மார்க்கம்), மே 23

கம்பு இன்றே நடுங்கள், பிறகு நட்டால் வேர் அறும். கொடி வகை நான்கிலும் இலைக்கக்கத்தில் வரும் கிளையை விரல் நீளத்துக்குள் கிள்ளலாம். 'ஸ்கோஷியா' புதர் வகை, அதில் கிள்ளினால் காய்தான் குறையும். அம்மா இரண்டையும் மாற்றிக் கிள்ளிவிடாமல் இருக்க, கொடி வகைக் கம்புகளில் சிவப்புத் துணி ஒன்று கட்டிவையுங்கள்.